கிரில்லும் ஒரு தோசைக்கல்தான்

கேள்வி: அக்கா, நாங்கள் கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 49 வயது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, கொழுப்பு இரண்டுமே கூடுதல் என்று வந்துவிட்டது. எண்ணெயைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கோவையில் இருக்கும் என் தம்பி உடனே ஒரு எலக்ட்ரிக் கிரில் வாங்கி அனுப்பினான். மேலும் கீழும் தட்டு வைத்து மூடி அழுத்துகிற வகை, 1500 வாட். மூன்று தடவை கோழி போட்டேன். மூன்று தடவையும் வெளியே கருகி, உள்ளே நார் நாராக வறண்டுவிட்டது. மழையும் பனிமூட்டமுமாக இருப்பதால் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறோம்; வீடெல்லாம் புகை. ஒரு நாள் மாலையில் ஹீட்டர் ஓடும்போது கிரில்லைப் போட்டேன், கரண்டே போய்விட்டது. அத்தைக்கு இது பிடிக்கவே இல்லை. "கருகினதைத் தின்றால் கேன்சர் வரும். அதற்குப் பழைய கணப்புச் சட்டியில் கரி போட்டு, மேலே கம்பி வலை வைத்துச் சுட்டால் ருசியாவது இருக்கும், வீடும் கதகதப்பாக இருக்கும்" என்கிறார். வீட்டுக்காரரோ, "எனக்கு மட்டும் என்ன தனியாகப் பத்தியச் சாப்பாடு?" என்று முகம் சுளிக்கிறார். இந்தக் கிரில் உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா, இல்லை பரணில் தூக்கிப் போட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: அன்புத் தங்கைக்கு,

பரணில் போட வேண்டாம். ஆனால் கிரில்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் கணப்புச் சட்டி பேச்சை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அதுதான். சாத்திய வீட்டுக்குள் கரி போடவே போடாதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் தூக்கம். புகை அடங்கி, கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை மலையில் இருக்கும் நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! அத்தை வாழ்ந்த பழைய வீட்டில் ஓட்டு இடுக்கிலும் கதவு இடுக்கிலும் காற்று போய் வந்துகொண்டிருக்கும். இன்றைக்கு கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல், கதவுக்குக் கீழே சுருட்டி வைத்த சாக்கு. அந்த வீடு வேறு, இந்த வீடு வேறு. அத்தையிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கரியில் சுட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றால் வெயில் அடிக்கும் ஒரு நாளில் வாசலுக்கு வெளியே, திறந்த இடத்தில் செய்யலாம். மிஞ்சிய கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்து அங்கேயே விட்டுவிட வேண்டும், உள்ளே கொண்டுவரக் கூடாது.

சரி, இனி கிரில்.

இதைப் புதுச் சாமான் என்று நினைப்பதால்தான் கை தடுமாறுகிறது. உங்கள் கிரில் இரண்டு பக்கமும் சுடும் ஒரு தோசைக்கல், அவ்வளவுதான். கல் காயாமல் தோசை ஊற்றமாட்டீர்கள். கல் கொதித்துப்போனால் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணிப்பீர்கள். அடைக்கு ஒரு சூடு, ரவா தோசைக்கு ஒரு சூடு என்று உங்கள் கைக்குத் தெரியும். அந்தக் கையைத்தான் இங்கேயும் நம்ப வேண்டும். கிரில்லைக் காலியாக மூடி, அதில் இருக்கும் சின்ன விளக்கு மாறும்வரை காயவிடுங்கள். விளக்கு மாறியதும் விரல் நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் எடுத்துத் தட்டில் உதறுங்கள். சுர்ரென்று துள்ளிக் காய்ந்தால் தயார். சொட்டு சோம்பலாகப் படர்ந்து கிடந்தால் இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள். அதற்காகக் காலித் தட்டை அரை மணி நேரம் காயவிடுவதும் தப்பு. ஒட்டாத பூச்சு 260 டிகிரிக்கு மேல் போனால் கெட்டுப்போக ஆரம்பிக்கும், அதன் புகையும் நல்லதல்ல.

எண்ணெயைத் தட்டில் ஊற்றாதீர்கள். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தோசைக்கல்லைத் தேய்ப்போமே, அதையே இங்கேயும் செய்யலாம். வெங்காயத்தை ஒரு முள்கரண்டியில் குத்திக்கொண்டால் கை சுடாது. அரை டீஸ்பூன் கடலை எண்ணெய் இரண்டு தட்டுக்கும் தாராளம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கோழி வறுக்க வாணலியில் நாம் ஊற்றுவது எத்தனை கரண்டி! கிரில்லின் நன்மை முக்கால்வாசி இதிலேயே வந்துவிடுகிறது. கோழியின் சொந்தக் கொழுப்பும் உருகி, வடியும் எண்ணெயைப் பிடிக்கும் தட்டில் இறங்கிவிடுவது மிச்ச நன்மை.

கரண்டு ஏன் போனது என்பதற்கு வருகிறேன். 1500 வாட் கிரில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் மாட்டும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்குத்தான். கீசர் மாட்டுகிற பெரிய பவர் பிளக்கில்தான் கிரில்லைப் போட வேண்டும், அதுவும் கீசரோ ரூம் ஹீட்டரோ ஓடாத நேரத்தில். எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒன்று வாங்கியபோது, கடைக்காரர் "அடாப்டர் போட்டால் எதிலும் மாட்டலாம்" என்று சொல்லித் தந்தார். நானும் நம்பினேன். நான்காவது நாள் மீன் போட்டுவிட்டு நிற்கிறேன், மீன் வாசனையையும் மீறி ஒரு பிளாஸ்டிக் நெடி. திரும்பிப் பார்த்தால் அடாப்டர் பழுப்பேறி, ஒரு பக்கம் இளகித் தொங்குகிறது. சுவிட்சை அணைத்த கை அரை மணி நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அடாப்டரும் வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம். எலக்ட்ரீஷியனை ஒரு முறை வரவழைத்து, சமையல் மேடைக்குப் பக்கத்தில் எர்த்தோடு ஒரு 16 ஆம்பியர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் வீடு என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் சூடு நிறையவே இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் உங்கள் 1500 வாட் கிரில் 920 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். அந்தச் சூட்டில் கோழி சுடப்படாது, தன் தண்ணீரிலேயே வெந்து வெளுத்துப்போகும். அதனால் கோழி, மீன் எல்லாம் மதியம் செய்யுங்கள். கரண்டு பில் கூடிவிடுமோ என்று பயப்படாதீர்கள், இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட்தான்.

இப்போது கோழி. நீங்கள் எழுதவில்லை, ஆனால் கறிக்கடையில் குழம்புக்கு வெட்டித் தருகிற மாதிரி எலும்போடுதான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூடி அழுத்தும் கிரில்லுக்கு எலும்பு ஆகாது. எலும்பு மேல்தட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும், தட்டு கறியைத் தொடவே தொடாது. எலும்பு பட்ட இடம் கருகும், பள்ளமான இடம் பச்சையாக இருக்கும். அது வேகட்டும் என்று நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் மற்ற இடமெல்லாம் நாராகிவிடும். நம் மலையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாமல் நம்மைப் படுத்துவது அதனால்தான். கிரில் தட்டின் சூட்டுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் கறியில் இருக்கும் ஈரம் கீழ்நாட்டைவிடச் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஆகவே, நேரம் குறைவாக இருக்க வேண்டும். அதற்குத் துண்டு மெல்லியதாக இருக்க வேண்டும்.

எலும்பில்லாத, தோலில்லாத நெஞ்சுக்கறி வாங்குங்கள். தொடைக்கறி கிடைத்தால் இன்னும் மிருதுவாக இருக்கும், கொழுப்பு கொஞ்சம் கூடுதல். நாட்டுக்கோழியை இதில் போடாதீர்கள், அது குழம்புக்கும் ரசத்துக்கும்தான். நெஞ்சுக்கறியை ஒரு பாலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்து, சப்பாத்திக் கட்டையால் தடிப்பான பக்கத்தைத் தட்டுங்கள். விரல் தடிமனுக்கு ஒரே சீராக வர வேண்டும். இஞ்சி, பூண்டு, மஞ்சள்தூள், மிளகுத்தூள், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் எண்ணெய், இவ்வளவு போதும். எலுமிச்சை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் கறியின் மேல்பக்கம் விறைத்துவிடும். இரவே ஊறவைக்க வேண்டும் என்றால் தயிர் போடுங்கள். நம் குளிரில் தயிர் லேசில் புளிக்காது என்பது இங்கே நல்லதுக்குத்தான். மிளகாய்த்தூளைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதுதான் முதலில் கருகிப் புகையைக் கிளப்புகிறது. சர்க்கரை, தேன், கடையில் விற்கும் சாஸ் எதுவும் வேண்டாம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற கறியை அப்படியே வைத்தால் தட்டின் சூடு படுத்துவிடும். இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு, மேலே ஒட்டியிருக்கும் மசாலாவை விரலால் வழித்துவிட்டு, பிறகு வையுங்கள். மூடிய உடனே சத்தம் கேட்க வேண்டும். ஐந்தாவது நிமிடம் திறந்து, தடிப்பான இடத்தில் கத்தி நுனியால் கீறிப் பாருங்கள். ரோஸ் நிறம் இல்லாமல், கசியும் சாறு தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். இல்லையென்றால் ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டுங்கள். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருந்தால் நடுக்கறியில் 74 டிகிரி வர வேண்டும். எடுத்த உடனே வெட்டாமல் தட்டில் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், சாறு உள்ளேயே தங்கும்.

அத்தை கேன்சர் பற்றிச் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் உண்மை இருக்கிறது. மாமிசம் மிக அதிகச் சூட்டில் கருகும்போது உடம்புக்கு ஆகாத சில ரசாயனங்கள் உண்டாகின்றன. கொழுப்பு நெருப்பில் சொட்டிக் கிளம்பும் புகை வழியாக வேறு சில வந்து கறியில் படிகின்றன. இந்த இரண்டாவது வகை கரி அடுப்பில்தான் அதிகம். நெருப்பே இல்லாத உங்கள் கிரில்லில் மிகவும் குறைவு. முதல் வகையைத் தடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது: பொன்னிறத்தோடு நிறுத்துங்கள், கருகிய இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். மசாலாவில் ஊறவைப்பதும் அதைக் குறைக்கிறது. குறிப்பாக ரோஸ்மேரி இலைக்கு அந்தக் குணம் உண்டு. நீலகிரியில் விளையும் ரோஸ்மேரியை வெளியூர்க்காரர்கள் விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். ஒரு கொத்து வாங்கி, இலையை உருவிப் பொடியாக நறுக்கிப் பூண்டோடு சேருங்கள்.

புகைக்கு இன்னும் இரண்டு காரணம் இருக்கும். போன தடவை வடிந்த கொழுப்பு தட்டில் காய்ந்து கிடக்கும், அல்லது எண்ணெய்த் தட்டு நிரம்பியிருக்கும். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கம்பி நார் கூடாது, எவர்சில்வர் கரண்டியால் சுரண்டவும் கூடாது. மரக் கரண்டி நல்லது. எத்தனை பனிமூட்டமாக இருந்தாலும் சமைக்கும் கால் மணி நேரம் ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள். மழை மாதத்தில் மேடையில் வைத்த சாமான் எல்லாம் வேர்த்து நிற்குமே, அப்படி ஈரம் படிந்திருந்தால் காய்ந்த துணியால் துடைத்த பிறகே பிளக்கை மாட்டுங்கள்.

இதெல்லாம் செய்முறை. உங்கள் கடிதத்தில் பெரிய கேள்வி வீட்டுக்காரர் கேட்டதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர் தட்டில் மட்டும் சுட்ட கோழி, மற்றவர்கள் தட்டில் வறுவல் என்றால் யாருக்குத்தான் இறங்கும்? ஒரு மாதம் வாயைக் கட்டுவார், அப்புறம் பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி தின்றுவிட்டு வருவார். கிரில்லில் செய்வதை வீடு முழுக்கச் சாப்பிடுங்கள். அத்தைக்கும் எண்ணெய் குறைவது நல்லதுதானே.

தினமும் கோழி வேண்டியதில்லை. நம் ஊர்க் காய்கறிக்கு இந்தக் கிரில் அருமையாக ஒத்துவரும். மேரக்காயை, அதாவது சௌசௌவை, தோல் சீவி, கால் அங்குலத் துண்டாக நறுக்கி, மிளகும் துளி உப்பும் தடவி ஆறு நிமிடம் வைத்துப் பாருங்கள். கூட்டில் சப்பென்று கிடக்கும் அதே மேரக்காய், ஓரம் சிவந்து இனிப்பேறி வரும். கேரட்டை நீளமாகப் பிளந்து, மூன்று நிமிடம் ஆவியில் வைத்து, பிறகு கிரில்லுக்கு மாற்றுங்கள். காளானைத் தண்ணீரில் ஊறவிடாமல் துடைத்து, முழுதாக வையுங்கள். அதன் குடையில் தேங்கும் சாற்றைக் கீழே கொட்டாதீர்கள். காலிஃபிளவர், பனீர், குடைமிளகாய் எல்லாமே வரும். வேகவைத்த கொண்டைக்கடலையை வெங்காயம், சோம்பு சேர்த்து அரைத்து, தட்டையாகத் தட்டி வைத்தால் பொரிக்காத வடை. இதை அத்தைக்கு முதலில் கொடுங்கள்.

ஆனால் ஒன்று, கிரில் எண்ணெயைத்தான் குறைக்கும், மாவுச்சத்தைக் குறைக்காது. ஊட்டி உருளைக்கிழங்கைச் சுட்டாலும் அது உருளைக்கிழங்குதான். சர்க்கரைக்காரருக்கு இரண்டு துண்டோடு நிறுத்த வேண்டும், அதுவும் சோற்றைக் குறைத்துக்கொண்டு. சோறோ சப்பாத்தியோ தட்டில் கால் பங்கு, காய் பாதி, மீதிக் கால் பங்கில் கோழியோ மீனோ கடலையோ என்று வைத்துக் கொடுங்கள். உப்பையும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதற்குள்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறவைக்கும் மசாலாவில் உப்பைப் பாதியாக்கி, சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் குறை தெரியாது. சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறு என்று டாக்டர் சொல்லியிருந்தால், கோழி, மீன் அளவை அவரிடம் கேட்டுக்கொண்ட பிறகே கூட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

முதலில் அந்தப் பிளக்கைச் சரி செய்யுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோழியை விட்டுவிட்டு, மேரக்காயிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டுக்காரரையே பக்கத்தில் நிறுத்தி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.