மனை விலை கொடுத்தீர்கள், பத்திரத்தில் இருப்பது புன்செய்

கேள்வி: பணி ஓய்வில் வந்த தொகையைக் கொண்டு 2019-இல் எங்கள் ஊராட்சியில் 4 சென்ட் மனை வாங்கினேன். ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட மனைப்பிரிவு வரைபடத்தைக் காட்டித்தான் விற்றார்கள். இந்த ஆண்டு வீடு கட்டப் போனால் வங்கி கடன் தர மறுக்கிறது, ஊராட்சியில் கட்டட அனுமதியும் கிடைக்கவில்லை. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கிறேன். அவர் மீது மோசடி வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்ப முடியுமா? பக்கத்து மனைக்காரர் அனுமதியில்லாமலே கட்டிவிட்டார். நானும் கட்டலாமா?

பதில்: சொந்தக்காரர்கள் பேசியது, விற்றவர் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்தது என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்தேன். வழக்குக்கு அவற்றில் ஒன்றும் உதவாது. நீங்கள் அனுப்பிய கிரயப் பத்திர நகலின் தபசிலை, அதாவது சொத்து விவரப் பகுதியை, எடுத்துப் பாருங்கள். "புன்செய் 4 சென்ட்" என்று மட்டும் இருக்கிறது. மனை எண் இல்லை. வடக்கு எல்லையில் வரைபடம் காட்டும் 20 அடிச் சாலை இல்லை. "மேற்படி சர்வே எண்ணில் மீதி நிலம்" என்று இருக்கிறது. உங்கள் வழக்கு முழுவதும் இந்த நாலு வரியில்தான் இருக்கிறது.

பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனையை மனையென்று எழுதிக் கொண்டுபோனால் சார்பதிவாளர் பதிய மாட்டார். அதே மனை முன்பே மனையாகப் பதிவாகியிருந்தால் மட்டும் விலக்கு. அதைத் தாண்டத்தான் உங்கள் பத்திரத்தை விவசாய நிலமாக எழுதினார்கள். வரைபடத்தில் உள்ள ஊராட்சித் தலைவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாமல் மனைப்பிரிவை அங்கீகரிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது.

ஒரு வழி மட்டும் திறந்திருக்கலாம். அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் வரன்முறை விதிகள் அந்த 2016 அக்டோபர் 20-ஐத்தான் எல்லைக் கோடாக வைத்திருக்கின்றன. உங்கள் 4 சென்டுக்கு மட்டும் வில்லங்கச் சான்று எடுத்தால் பயனில்லை. அந்தச் சர்வே எண் முழுவதற்கும், உட்பிரிவுகள் உட்பட, 2010 முதல் எடுங்கள். அந்தத் தேதிக்கு முன் அதே மனைப்பிரிவில் சில மனைகளாவது மனை என்றே பதிவாகியிருந்தால், மனைப்பிரிவு முழுவதையும் வரன்முறை செய்யக் கேட்க இடமிருக்கிறது. விண்ணப்பக் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. இப்போது வாங்குகிறார்களா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். நிலம் நீர்வழிப் பாதையில் இருந்தால் இந்த வழியும் இல்லை.

அப்படி ஒரு பழைய பதிவும் இல்லையென்றால் உங்களுக்கு மிச்சமிருப்பது பணம் திரும்பக் கேட்கும் உரிமைதான். அதிலும் காலம் உங்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது. மோசடி என்று சொல்லி வழக்குப் போட மூன்று ஆண்டு. மோசடி தெரியவந்த நாளிலிருந்து அது தொடங்கும் என்கிறது காலவரையறைச் சட்டம். "இந்த ஆண்டு வங்கியில்தான் எனக்குத் தெரிந்தது" என்பீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் பத்திரத்தையே நீட்டுவார்: புன்செய் என்று எழுதியிருப்பதைப் படித்துத்தானே வாங்கினீர்கள், தெரிந்தது 2019-லேயே. இந்த வாதம் எடுபடக்கூடியது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, அங்கிருந்து அழைப்பு வரும் என்று காத்திருந்தே உரிமையியல் வழக்குக்கான காலத்தைத் தொலைத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். புகார் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது காலவரையறையை நிறுத்தாது.

அனுமதியில்லாமல் கட்டவே கட்டாதீர்கள். பக்கத்து வீட்டுக்கு இன்னும் நோட்டீஸ் வரவில்லை, அவ்வளவுதான். பூட்டி முத்திரை வைக்கவும் இடிக்கச் சொல்லவும் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிய கவலை சாலை. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் இடத்தில் அந்த 20 அடியும் இன்றுவரை விற்றவர் பெயரில்தான் இருக்கும். நாளை அவர் வாரிசுகள் அதைக் கிரயம் செய்து வேலி போட்டால், நடந்து போகும் வழிக்கே நீங்கள் தனியாக ஒரு வழக்கு நடத்த வேண்டும்.

ஆகவே சமரசம் பேசுங்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் அதை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் அங்கேயும் புகார் கொடுங்கள். பேச வருவதற்கு அது போதுமான அழுத்தம். கொடுத்த தொகையும் நியாயமான வட்டியும் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டி குறைகிறதே என்று வீம்பு பிடிக்காதீர்கள். வேறு அங்கீகார மனை தருகிறேன் என்றால் அங்கீகார எண்ணை நீங்களே சரிபார்த்த பிறகு பேசுங்கள்.

பலர் விழும் குழி இதற்குப் பிறகுதான் வருகிறது. விற்றவர் வரப்போகும் தேதி போட்ட செக் நான்கைந்து கொடுப்பார். நம்பி மறுகிரயம், அதாவது நிலத்தைத் திரும்ப அவர் பெயருக்கே, எழுதிக் கொடுத்துவிடுவார்கள். முதல் செக் திரும்பும்போது நிலமும் இல்லை, பணமும் இல்லை. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பிறகு அவருக்கு 15 நாள், அதற்கும் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. "அடுத்த வாரம் தருகிறேன்" என்ற பேச்சிலேயே இந்தக் கெடுவையும் தவறவிடுகிறார்கள். முழுத் தொகைக்கும் வங்கி வரைவோலை உங்கள் கைக்கு வந்த பிறகே சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போடுங்கள். மறுகிரயத்துக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து அரசின் வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம் வரை ஆகும். அது அவர் செலவு என்று சமரச ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

விளம்பரத் துண்டறிக்கை, முன்பண ரசீது, ஊராட்சி முத்திரையிட்ட வரைபடம் மூன்றும் அசலாக உங்களிடமே இருக்கட்டும். புன்செய் என்று பத்திரத்தில் இருந்தாலும் மனையென்று சொல்லித்தான் விற்றார் என்று காட்ட உங்களிடம் வேறு எதுவும் இல்லை. "சரிபார்த்துத் தருகிறேன்" என்று அவர் ஆள் கேட்டு வந்தால் நகல் மட்டும் கொடுங்கள்.