அழித்த எண் தேடலில் ஏன் நிற்கிறது?

வீடு வாடகைக்கு விட ஒரு விளம்பரத் தளத்தில் கைப்பேசி எண்ணைப் போட்டிருந்தேன். நீக்கி மூன்று வாரம் ஆகியும் கூகுளில் எண்ணைத் தட்டினால் வருகிறது. என்ன செய்வது?
*வாசகி, கும்பகோணம்*

முதலில் அந்த முடிவைத் திறந்து, பக்கத்தில் எண் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வேலை அதைப் பொறுத்ததுதான்.

பக்கத்தில் இல்லை, தேடல் முடிவின் கீழே வரும் இரண்டு வரிகளில் மட்டும் தெரிகிறது என்றால், அது கூகுள் முன்பு படித்து வைத்தது. அதிகம் பேர் போகாத பக்கத்தை அது மறுபடி படிக்க மாதக்கணக்கில்கூட ஆகலாம். காத்திருக்காமல், காலாவதியான தகவலைப் புதுப்பிக்க கூகுள் வைத்திருக்கும் கருவியில் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். முன்பு இருந்து இப்போது இல்லாத சொல்லைக் கேட்டால் உங்கள் எண்ணைத் தரலாம். பலர் இங்கே தேடல் பக்கத்தின் முகவரியை ஒட்டிவிடுகிறார்கள், அது செல்லாது. ஒரே விளம்பரம் இரண்டு முகவரிகளில் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

எண் பக்கத்திலேயே இருந்தால் இந்தக் கருவி ஏற்காது. தளத்தாரிடம் நீக்கச் சொல்லி எழுதுங்கள். கூடவே, முடிவின் அருகே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, தனிப்பட்ட தொடர்பு விவரம் என்ற காரணத்தைக் காட்டி அகற்றக் கோருங்கள். கைப்பேசி எண், வீட்டு முகவரி, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு எண், கையெழுத்துப் படம் ஆகியவற்றுக்கு இந்த வழி உண்டு. சில சமயம் உங்கள் பெயரைச் சேர்த்துத் தேடும்போது மட்டுமே முடிவு மறைக்கப்படும். எண்ணைத் தனியாகவும் தேடிச் சரிபாருங்கள். பிங் தேடுபொறியில் தனியாகக் கோர வேண்டும். டக்டக்கோ என்ற தேடுபொறியின் முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலிருந்தே வருகின்றன.

எங்கள் குடியிருப்போர் சங்கத் தளத்தில் உறுப்பினர் பட்டியல் பிடிஎஃபாக இருக்கிறது. ரோபாட்ஸ் கோப்பில் தடை எழுதியும் தேடலில் வருகிறதே?
*சங்கச் செயலாளர், மதுரை*

ரோபாட்ஸ் கோப்பு என்பது தளங்களைப் படிக்க வரும் தேடுபொறி நிரல்களுக்கு வைக்கும் அறிவிப்பு. அந்தத் தடை "படிக்காதே" என்று மட்டுமே சொல்கிறது. "பட்டியலிடாதே" என்று சொல்வதில்லை. வேறு தளம் எதிலாவது உங்கள் கோப்புக்கு இணைப்பு இருந்தால், கூகுள் உள்ளே படிக்காமலே முகவரியை முடிவுகளில் காட்டலாம். போதாததற்கு, ரோபாட்ஸ் கோப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். மறைக்க நினைத்த இடத்தை நீங்களே எழுதிக் காட்டியது போலாகிவிடும்.

பட்டியலிடாமல் தடுப்பது 'நோஇண்டெக்ஸ்' கட்டளை. பிடிஎஃபுக்குள் அதை எழுத இடமில்லாததால், சர்வர் கோப்போடு சேர்த்து 'எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக்' என்ற தலைப்பில் (ஹெடர்) அனுப்ப வேண்டும். ஆனால் ரோபாட்ஸ் தடையும் இருந்தால் கூகுள் கோப்பின் வாசலுக்கே வராது, கட்டளையைப் பார்க்கவும் செய்யாது. இரண்டையும் ஒன்றாகப் போடுவதுதான் வழக்கமான தவறு.

இத்தனைக்கும் மேல், கட்டளைக்குக் கட்டுப்படாத நிரல்களும் உண்டு. பலருடைய எண்களும் கதவிலக்கமும் உள்ள பட்டியல் திறந்த வெளியில் இருக்கவே கூடாது. கோப்பை இன்றே எடுத்துவிட்டு, கடவுச்சொல் கேட்கும் பகுதியில் வையுங்கள். பிறகு, தளம் நடத்துவோருக்கு கூகுள் வைத்திருக்கும் சர்ச் கன்சோலில் அகற்றக் கோரினால் சுமார் 6 மாதம் மறைந்திருக்கும். பழைய முகவரியில் கோப்பு இல்லை என்பதை கூகுள் அதற்குள் அறிந்துகொள்ள, ரோபாட்ஸ் தடையையும் எடுத்துவிடுங்கள்.

பிடிஎஃபில் ஆதார் எண்மேல் கறுப்புப் பட்டை வரைந்து பதிவேற்றினால் போதுமா?
*வாசகர், தேனி*

போதாது. பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், தேடுபொறியும் அதைப் படிக்கும். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எண் வந்தால் மறையவில்லை. பட்டை போட்ட பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை மட்டும் பதிவேற்றுங்கள். ஆதாரைப் பொறுத்தவரை, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கோப்பின் பெயரில் எண்ணோ பிறந்த தேதியோ இருந்தால் அதையும் மாற்றுங்கள். முகவரியின் பகுதியாக அதுவும் தேடலில் சிக்கும்.