மிச்சமாகத் தொங்கும் டியூபை அடைக்கலாமா?

கேள்வி: 2013-இல் வாங்கிய 150 சிசி பைக். கார்புரேட்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். மெல்லிய டியூப் ஒன்று மிச்சமாகத் தொங்குகிறது. ஆக்சிலேட்டரைத் திருகாமலே எஞ்சின் அலறுகிறது. அடியில் பெட்ரோலும் சொட்டுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் ஆறும்வரை பொறுங்கள்.

அலறலுக்குக் காரணம் அநேகமாக அந்த மெல்லிய டியூப்தான். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள மேனிஃபோல்டை விரலால் தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். புகையின் நச்சைக் குறைக்க வைத்திருக்கும் வால்விலிருந்து வரும் டியூப் அதில் ஏற வேண்டும். மூக்கு திறந்து கிடந்தால் அந்த வழியே காற்றை இழுத்துக்கொண்டு எஞ்சின் கத்தும். ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும்.

அந்த மூக்கில் ஒரு போல்ட்டைச் செருகி, "இது தேவையில்லாத டியூப் சார், மைலேஜும் கூடும்" என்பவரிடமிருந்து வண்டியை உடனே வாங்கிக்கொள்ளுங்கள். அலறல் நிற்கும், வெடிப்பு நிற்காது, மைலேஜும் கூடாது. புதுக் கார்புரேட்டர் வாங்கச் சொல்பவரும் அவருக்குச் சளைத்தவர் அல்ல. சொட்டு நிற்க மாற்ற வேண்டியது, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஒரு சிறு ஊசியாக இருக்கலாம். கமிஷன் கிடைப்பதோ முழுக் கார்புரேட்டரில்.

அந்த ஊசியை நீங்களே சோதிக்கலாம். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலை வடித்துவிட்டு, பெட்ரோல் நுழையும் மூக்கில் சுத்தமான டியூபை மாட்டி வாயால் ஊதுங்கள். நேராகப் பிடித்தால் காற்று போகும். தலைகீழாகக் கவிழ்த்தால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஊசி முனையில் அழுக்கு இருக்கும், இல்லையேல் வளையமாகத் தேய்ந்திருக்கும். சொட்டு அடிப்பக்க வடிகால் டியூபில் வந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். வெளியே போக வேண்டிய பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும்.

ஒரு விதிவிலக்கு: மெல்லிய டியூப் பெட்ரோல் டேப்பிலிருந்தும் வரலாம். சில ஸ்கூட்டர்களிலும் பைக்குகளிலும் பெட்ரோல் டேப்பையே எஞ்சின் உறிஞ்சல்தான் திறக்கிறது. டேப்பிலிருந்து தடித்த டியூப் ஒன்று, மெல்லியது ஒன்று என இரண்டு வரும். எஞ்சின் ஓடாதபோது தடித்ததில் பெட்ரோல் வராது. அடைப்பு என்று பதற வேண்டாம். மெல்லியதை இலேசாக உறிஞ்சினால் பெட்ரோல் இறங்கும். ஆனால் மெல்லிய டியூபுக்குள்ளேயே பெட்ரோல் ஈரம் இருந்தால் டேப்பின் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. எஞ்சின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

இதையெல்லாம் வண்டியோடு தரும் கையேடு சொல்லியிருக்க வேண்டும். டயருக்கு எவ்வளவு காற்று என்று சொல்லும்; டியூப் என்றதும் "சர்வீஸ் மையத்தை அணுகவும்" என்று கைகழுவிவிடும். அங்கே போனால், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்து கார்புரேட்டர் வழக்கொழிந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த பையன் கார்புரேட்டரைப் பார்த்து விழிக்கிறான்.

ஊசியை வெளியே மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றினால், கழற்றிய பழைய ஊசியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டியூபின் நுனி வெடித்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டி, கிளிப்பைப் போடுங்கள்.