திறந்த காயமும் 380 வெள்ளி பவுடரும்

மலேசியாவின் பிறை நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு 54 வயது, சர்க்கரை நோய் உண்டு. குடல்வால் வெடித்துச் சீழ் பரவியதால் அரசாங்க மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து 24 நாள் ஆகிறது. காயத்தின் அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து மஞ்சள் நீர் கசிகிறது. மறுபடி தையல் போட மாட்டோம் என்கிறார்களாம். பசி இல்லை, பத்தடி நடந்தால் களைப்பு. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், "பத்து நாளில் காயம் மூடிவிடும்" என்று 380 வெள்ளிக்கு (ரிங்கிட்) மூலிகைப் பவுடர் கொண்டு வந்திருக்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், முதலில் காயத்தைப் பார்ப்போம்.

குடல்வால் வெடித்த வயிற்றில் தோல் காயம் இப்படித் திறந்துகொள்வதை மருத்துவமனையில் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கிருமி இருந்த இடம் அது. மேலே இழுத்துத் தைத்தால் சீழ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வேண்டுமென்றே திறந்து விடுகிறோம். காயம் அடியிலிருந்து மேலே சதை வளர்ந்து மூட வேண்டும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். டிரெஸ்ஸிங் மாற்றும்போது உள்ளே ஈரமான சிவப்புச் சதை தெரிந்தால் நல்ல அறிகுறி. கசியும் நீர் லேசான மஞ்சளாக, நாற்றமில்லாமல், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இதை உங்களுக்கு வார்டிலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்து யாராவது சொல்லியிருக்க வேண்டும். கட்டில் காலியாக வேண்டும் என்ற அவசரத்தில், கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த இடைவெளியில்தான் பவுடர்காரர் வீட்டுக்குள் நுழைகிறார்.

களைப்பும் அப்படித்தான். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு பழையபடி ஆக ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். சீழ் பரவியிருந்தால், சர்க்கரையும் இருந்தால், இன்னும் கூடும். நேற்றோடு ஒப்பிடாதீர்கள். போன வாரம் கழிவறைக்கே தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போன மனிதர் இந்த வாரம் தானே நடக்கிறார் என்றால் அவர் தேறுகிறார்.

இனி பவுடர். இந்தச் சீட்டில்லா மருந்துகளைத் தின்றவர்கள் சொல்வது ஒன்றுதான்: "மூன்றே நாளில் பசி எடுத்தது, வலி பறந்தது." கேட்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஜாமு (மலாய் நாட்டு மருந்து), மூலிகை என்று விற்கும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு முகமை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், வலியை மறைக்கும், சர்க்கரையை ஏற்றும், காயம் ஆறுவதைத் தடுக்கும். எல்லாவற்றையும்விட மோசம், வயிற்றுக்குள் மறுபடி சீழ் கட்டினால்கூடக் காய்ச்சலையும் வலியையும் அமுக்கி வைத்துவிடும். ஆள் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும்.

மருந்து என்று விற்கப்படும் எதிலும் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணை அச்சடிப்பது யாராலும் முடியும், ஆகவே முகமையின் இணையதளத்தில் பிள்ளைகளை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் ஏற்கெனவே அந்தப் பவுடரைச் சாப்பிட ஆரம்பித்திருந்தால், இதைப் படித்ததும் குப்பையில் கொட்டி ஓய்ந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள்தான் என்றால் நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், உள்ளே ஸ்டீராய்டு இருந்திருந்தால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம், வாந்தி, உயிருக்கே ஆபத்து வரலாம். டப்பாவோடு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். திட்டினாலும் காட்டுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ டாக்டரே எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டையும் இப்படித்தான், நீங்களாக நிறுத்தக் கூடாது.

சரி, காயம் மூட என்னதான் செய்வது? புரதம் கொடுங்கள். முட்டையும் மீனும் சீழ் வைக்கும் என்று பயந்து ரசஞ்சோற்றிலேயே வைத்திருப்பீர்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். விரால் மீன் நல்லதுதான், சந்தையில் வாங்கிக் குழம்பு வையுங்கள். பாட்டிலில் விற்கும் விரால் சாறு தேவையில்லை. தெம்புக்கென்று இனிப்பு மைலோ கலக்காதீர்கள், சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது. வீட்டில் எடுக்கும் சர்க்கரை அளவு 10க்கு (mmol/L) மேலேயே நின்றால் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். சாப்பாட்டை மூன்று வேளைக்குப் பதில் ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அப்புறம் டிரெஸ்ஸிங்குக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கே போதும், வரிசையில் நிற்பது எரிச்சல் என்றாலும்.

அப்பாயின்ட்மென்ட் தேதி, அதற்கு முன் வராதே என்ற உத்தரவு அல்ல. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, வாந்தி, வயிறு உப்பிக் காற்றே பிரியாமை, நாறும் சீழ் அல்லது மலம் போன்ற கசிவு, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே எமர்ஜென்சி. குடல்வால் வெடித்தவர்களுக்குக் காய்ச்சலோடு சளி சளியாக அடிக்கடி மலம் போனால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இடுப்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம். இளஞ்சிவப்பு நீர் திடீரெனக் கொட்டினாலோ குடல் தெரிந்தாலோ, சுத்தமான ஈரத்துணியால் மூடி, படுக்க வைத்து 999க்கு அழையுங்கள். உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

கவுண்டரில் "காயம் கசிகிறது" என்று மட்டும் சொன்னால் மணிக்கணக்கில் உட்கார வைத்துவிடுவார்கள். "குடல்வால் வெடித்து ஆபரேஷன், இத்தனை நாள் ஆகிறது, சர்க்கரை உண்டு, காய்ச்சல் இத்தனை டிகிரி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வார்டில் கொடுத்த துண்டுச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.