துக்கம் விசாரிக்க இப்போது வருகிறார்கள்

உளவியல் ஆலோசனை, ஜூலை 2021

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 39. ஈரோட்டில் ஒரு தனியார் ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவரும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறார்கள். பெற்றோர் பவானியில் வசித்தார்கள். மே மாதக் கடைசியில் அப்பா கொரோனாவால் இறந்துபோனார்.

மே 10 முதல் முழு ஊரடங்கு என்று அறிவித்த அரசு, அதற்கு முந்தைய சனி, ஞாயிறு இரு நாள்களும் எல்லாக் கடைகளையும் திறக்க அனுமதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைவீதி நெரிசலில் நின்று, பெற்றோருக்கும் சேர்த்து மளிகைச் சாமான்களையும் அப்பாவின் சர்க்கரை மாத்திரைகளையும் வாங்கிக்கொண்டு பவானிக்குப் போய்க் கொடுத்தேன். அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். அந்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வந்தது. அம்மாவுக்கு லேசாக வந்து போய்விட்டது. அப்பாவின் ஆக்சிஜன் அளவு குறைந்தபோது, முதலில் போன மருத்துவமனையில் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வேறோர் இடத்தில் சேர்த்தோம். அங்கிருந்து அவர் வீடு திரும்பவில்லை. நான் அப்போது மாடி அறையில் தனிமையில் இருந்தேன். உறையிட்டுக் கட்டிய உடலைத் தம்பி மட்டும் மின்மயானத்தில் எட்ட நின்று பார்த்தான். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஜூலை 5 அன்று எங்கள் மாவட்டத்திலும் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இ-பாஸும் தேவையில்லை என்றானது. அதிலிருந்து, மே மாதத்தில் வர முடியாமல்போன உறவினர்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். அம்மாவுக்குத் துணையாக நான் பவானியில்தான் இருக்கிறேன். அப்பா இளவயதில் தன் தறியில் நெய்த ஜமக்காளத்தைத் திண்ணையில் விரித்து அம்மா அவர்களை உட்கார வைக்கிறார். வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி அழுகிறார். அவர்கள் போன பிறகு ஓரளவு நன்றாகவே சாப்பிடுகிறார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருவதில்லை. அம்மா பேச்சைத் தொடங்கியதுமே எழுந்து சமையலறைக்குள் போய்விடுகிறேன். “பொண்ணுக்குக் கல்லு மனசு” என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. சித்தப்பா தொலைபேசியில், “முதல்லயே கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருக்கலாமே” என்றார். வரும் ஞாயிறு அவர் குடும்பத்தோடு வருகிறாராம்.

தெருமுனை டீக்கடை திறந்துவிட்டது. அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. ஆகஸ்ட் முதல் வாரம் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார்கள்; நோய் வந்து மூன்று மாதங்கள் முடியாததால் நான் இன்னும் தடுப்பூசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. சித்தப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? என் மனம் கெட்டுப்போய்விட்டதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பவானி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மனம் கெட்டுப்போகவில்லை. அப்பா இறந்து இரண்டு மாதங்கள்கூட முடியவில்லை. உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு, நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாகக் கருதுவதற்கே குறைந்தது ஆறு மாதங்கள் கடந்திருக்க வேண்டும் என்றும், அப்போதும் அந்தந்தச் சமூகத்தின் துக்க வழக்கங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் விஷயத்தில் இந்த இரண்டு மாதங்களைக்கூடத் துக்கத்துக்குக் கிடைத்த காலமாகக் கணக்கிட எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சலோடு ஓர் அறையில் அடைபட்டு, அடுத்தது அம்மாவா, கணவரா என்று பயந்துகொண்டிருந்தவருக்கு அழுவதற்கு எங்கே இடம் இருந்தது? இறந்தவரின் முகத்தைப் பார்ப்பதும், ஊர் கூடுவதும், கூடி அழுவதும், பதினாறாம் நாள் காரியமும், அவர் இனி இல்லை என்பதை மனத்துக்குச் சிறிது சிறிதாகப் புரியவைக்கும் ஏற்பாடுகள். அவற்றில் ஒன்றுகூட உங்களுக்கு வாய்க்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் ஊருக்கு ஒரு கெட்ட காலம் முடிந்தது. உங்கள் வீட்டில் அன்றுதான் துக்கம் தொடங்கியது.

அம்மா அதைத் தன் வழியில் சரியாகவே செய்துகொண்டிருக்கிறார். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்கு மருந்து; சொல்லி முடித்ததும் பசிப்பது அதற்குச் சான்று. அதைத் தடுக்காதீர்கள். திண்ணை காற்றோட்டமான இடம் என்பதால் முகக்கவசத்தோடு அங்கேயே பேசட்டும். ஆனால், அதே கதை உங்களுக்கு ஏன் ஆறுதல் தரவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. அம்மா முதலிலிருந்து சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முதல் என்பது நீங்கள் சாமான் வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்க வேண்டும். அம்மாவுக்கு அது புலம்பல். உங்கள் காதுக்கு அது குற்றப்பத்திரிகை. நீங்கள் எழுந்து போவது கல் மனத்தால் அல்ல என்று நினைக்கிறேன்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேசுவோம். நோய் உங்கள் மூலமாகவே போயிருக்கலாம். அப்படியெல்லாம் இருக்காது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள்கள் முன்பே பரவக்கூடிய நோய் இது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியான மாதம் அது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை இனி எவராலும் உறுதிப்படுத்த முடியாது. ஒரு பேச்சுக்கு உங்களிடமிருந்துதான் என்றே வைத்துக்கொண்டாலும், நோய்க்கு வழியாக இருந்ததும் தவறு செய்ததும் வேறு வேறு. உடம்பு சரியில்லை என்று தெரிந்தே போயிருந்தால் அது தவறு. உங்களுக்கு அன்று காய்ச்சல் இல்லை. கடைகள் அடைக்கப்படவிருந்த நேரத்தில், சர்க்கரை நோயுள்ள தகப்பனுக்கு மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதே என்று போனீர்கள். போகாமல் இருந்து அவருக்கு ஏதேனும் ஆகியிருந்தால், இதே மனம் ஏன் போகவில்லை என்று இன்று உங்களைக் கேட்டிருக்கும்.

அந்த நாள் நோய் நுழைந்த நாளாக மட்டும் உங்களுக்குள் பதிந்துவிட்டது. அப்பாவோடு நீங்கள் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்ட நாளும் அதுதானே? என்ன சமைத்திருந்தார்கள், அப்பா என்ன பேசினார், கிளம்பும்போது என்ன சொன்னார் என்று நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதைக் கணவரிடமோ தம்பியிடமோ படித்துக் காட்டுங்கள். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை. அதை வைத்து யாரும் உங்கள் பாசத்தை அளக்க முடியாது. தம்பியிடம் மயானத்தில் பார்த்ததைக் கேட்கத் துணிவு வரும்போது கேளுங்கள். அவரும் அதை இதுவரை யாரிடமும் முழுவதுமாகச் சொல்லியிருக்கமாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சடங்குகளில் நம்பிக்கை உண்டென்றால், முன்னோருக்குக் காரியம் செய்யும் ஆற்றங்கரையான கூடுதுறை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆகஸ்ட் 8 அன்று ஆடி அமாவாசை. அன்றைக்குக் கூட்டத்துக்கு அனுமதி இல்லாமல் போனாலும், வேறொரு காலையில் அம்மாவும் நீங்களும் தம்பியும் மட்டும் போய் விட்டுப்போன காரியத்தைச் செய்யலாம். தாமதமாகச் செய்தாலும் மனம் அதை ஏற்றுக்கொள்ளும்.

டீக்கடை மீதுள்ள ஆத்திரத்துக்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அப்பாவுக்காக ஊர் ஒரு நாள்கூட நிற்கவில்லையே என்ற ஆற்றாமை அது. யார் மீதும் கொட்டாதவரை அதனால் தீங்கில்லை. அலுவலகம் போவதில் உங்களுக்குள்ள தயக்கம் நியாயமானதுதான். ஆகஸ்ட் மாதத்தின் பின்பாதியில் மூன்று மாதங்கள் முடிந்துவிடும். முதல் தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்வரை கணக்கு வேலையை வீட்டிலிருந்து செய்ய அனுமதி கேட்டு மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். உடல் அசதி இன்னும் இருந்தால் மருத்துவரின் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் அவள் படிக்கும் வகுப்பைத் தவிர ஒன்றுமில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தாத்தாவை இழந்த பிள்ளை அவள், பள்ளியும் திறக்கவில்லை, நீங்களும் அருகில் இல்லை. முடிந்தால் சில நாள்களுக்கு அவளைப் பவானிக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் அது துணை.

கேட்காமல் விடக்கூடாத ஒரு கேள்வியும் உண்டு. அப்பா போன இடத்துக்கே போய்விடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வருகிறதா? வந்தால், அல்லது பல இரவுகள் தூக்கமே இல்லாமல் போனால், 104 என்ற எண்ணை அழையுங்கள். எந்த நேரமும் ஆலோசகர்கள் பேசுவார்கள். ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரிலும் போகலாம்.

சித்தப்பா வரட்டும். அண்ணனின் முகத்தைப் பார்க்காதவர் அவரும்தான். கோயமுத்தூர்ப் பேச்சு, தன்னால் எதுவும் செய்ய முடியாமல்போன ஒருவரின் தவிப்பு. ஆனாலும் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஞாயிறுக்கு முன்பே தம்பி அவரை அழைத்து, அன்றைக்குப் படுக்கை கிடைத்த நிலைமையை ஒருமுறை விளக்கிவிட்டு, அக்காவிடம் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளட்டும். வந்தவர்களை வாங்க என்று அழைத்துத் தண்ணீர் கொடுத்துச் சிறிது நேரம் உடன் உட்காருங்கள். மீறி அவர் கேட்டால், “இடம் கிடைச்ச இடத்துல சேர்த்தோம் சித்தப்பா, இதுக்கு மேல என்னால இப்பப் பேச முடியல” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போகலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மற்றதைத் தம்பி பார்த்துக்கொள்வார்.