பழைய கணினியும் சீரியல் போர்ட்டும்: கேள்வி பதில்

கேள்வி (பர்மாவின் பெகு): உளுந்துக் கிடங்கில் எடைத் தராசைப் பழைய டாஸ் இயங்குதளக் கணினியின் சீரியல் போர்ட்டுடன் (பிட்களை ஒவ்வொன்றாக அனுப்பும் இணைப்பு) இணைத்திருக்கிறோம். மின்சாரம் போய் வந்தபின் 0, 3, 5, 6, 9 மட்டும் சரியாக வருகின்றன. மற்ற எண்கள் கிறுக்கலாக வருகின்றன. தராசு பழுதா ஐயா?

பதில்: தராசில் பழுதில்லை. எந்த எண்கள் சரியாக வருகின்றன என்று கவனித்து எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. தராசு 7 பிட்டும் இரட்டைப்படைப் பாரிட்டியுமாக (1களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கச் சேர்க்கும் சரிபார்ப்பு பிட்) அனுப்புவதைக் கணினி பாரிட்டி இல்லாத 8 பிட்டாகப் படிக்கிறது. நீங்கள் சொன்ன ஐந்து எண்களின் ஆஸ்கி குறியீட்டிலும் (எழுத்துகளைப் பிட்களாகக் குறிக்கும் முறை) 1கள் இரட்டைப்படையாக இருப்பதால் பாரிட்டி பிட் 0 ஆகி அவை மாறாமல் வருகின்றன. 1, 2, 4, 7, 8 ஆகியவற்றுக்கு அது 1 ஆகி எழுத்தே மாறிவிடுகிறது. மின்சாரம் போனால் போர்ட்டின் சில்லில் எழுதிய அமைப்பும் போய்விடும். ஆகவே வேகம், பாரிட்டி, பிட், ஸ்டாப் பிட் (எழுத்தின் முடிவைக் காட்டும் பிட்) என்ற வரிசையில், 2400,இ,7,1 என்பதுபோல் (இ என்பது இரட்டைப்படை, ஆங்கில E), போர்ட்டை அமைக்கும் மோட் கட்டளையை, கணினி துவங்கும்போது தானே ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் எடை மென்பொருளை அழைக்கும் வரிக்கு மேலே எழுதுங்கள். கணினியில் கை வைக்குமுன் தராசின் அமைப்பைப் பாருங்கள்.

கேள்வி (மோல்மேன்): டெபியன் லினக்ஸில் செட்சீரியல் கட்டளை கொண்டு சேமித்தும் போர்ட்டின் வேகம் நிலைக்கவில்லையே?

பதில்: செட்சீரியல் போர்ட்டின் முகவரி, ஐ.ஆர்.கியூ. (போர்ட் கணினியை அழைக்கும் குறுக்கீட்டு எண்), சில்லின் வகை ஆகியவற்றுக்கானது. வேகமும் பாரிட்டியும் எஸ்டிடிஒய் கட்டளையைச் சேர்ந்தவை, அதைத் துவக்க நிரலில் எழுத வேண்டும். மேலும், செட்சீரியலின் தானியங்கிச் சேமிப்பு கணினியை முறையாக நிறுத்தும்போதுதான் நடக்கும்; மின்வெட்டில் அணைந்த கணினி எதையும் சேமிக்காது. முதலில் தராசைப் பார்த்தீர்களா?

கேள்வி (ரங்கூன்): மின்வெட்டுக்குப்பின் காம்1 என்ற முதல் சீரியல் போர்ட்டையே காணவில்லை.

பதில்: தாய்ப்பலகையில் பயாஸின் (கணினியின் அடிப்படை அமைப்பு நிரல்) அமைப்பைக் காக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மாற்றிவிட்டு, பயாஸில் போர்ட்டுக்கு முகவரி 3எஃப்8, ஐ.ஆர்.கியூ. 4 என்று கொடுங்கள்.

கேள்வி (தட்டோன்): மின்சாரம் போனால் டாஸில் வேகம் மாறுகிறது.

பதில்: பெகு நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (பெகு, வேறொருவர்): டாஸில் மோட் கட்டளையை எங்கே எழுதுவது?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன். தராசின் கையேடு இல்லாமல் எழுதாதீர்கள்.

கேள்வி (மோல்மேன்): ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில், காத்திருக்க மட்டும் செய்யும் ஸ்லீப் கட்டளையால் போர்ட்டைத் திறந்தே வைத்திருந்தால் அமைப்பு கலையாது என்கிறேன், என் நண்பர் அது தவறு என்கிறார்.

பதில்: அமைப்பு கலையாது என்பது உண்மை, ஆனால் அந்த ஸ்லீப் எதனாலாவது நின்றுவிட்டால், அடுத்துத் திறப்பவருக்குப் பழைய இயல்பு அமைப்பே கிடைக்கும், யாருக்கும் காரணம் தெரியாது. ஃப்ரீபிஎஸ்டி இதற்கென்றே ஒவ்வொரு போர்ட்டுக்கும் ‘இனிட்’ என்று முடியும் துணைச் சாதனம் ஒன்றைத் தந்திருக்கிறது. அதில் எழுதிய அமைப்பே போர்ட் திறக்கப்படும்போதெல்லாம் தொடக்க அமைப்பாகும்.

கேள்வி (அவர் நண்பர்): மென்பொருள் திறந்தபின் தானே வேகத்தை மாற்றினால் இனிட் என்ன செய்யும்?

பதில்: ஒன்றும் செய்யாது. அதற்கு ‘லாக்’ என்று முடியும் சாதனம் இருக்கிறது. அதில் பூட்டிய அமைப்பை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது. இரண்டையும் துவக்க நிரலில் எழுதுங்கள், ஏனெனில் அவையும் மின்வெட்டைத் தாண்டி நிற்பவை அல்ல. தராசு 2400 வேகத்தில் அனுப்புகிறதா என்று உறுதி செய்யாமல் பூட்டாதீர்கள்.