சட்டம் கேளுங்கள்: வீட்டுக்குள் பொங்கிய கழிவுநீருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: சென்ற மாதம் தெருவின் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தரைத்தளக் கழிப்பறை வழியாகக் கழிவுநீர் பொங்கியதில் எங்கள் மரச்சாமான்கள் பாழாகிவிட்டன. இது இரண்டாம் முறை. முதல் முறை தொலைபேசியில் புகார் அளித்திருந்தோம். மழையே காரணம் என்று உள்ளாட்சி நிர்வாகம் கைவிரிக்க, அதையே சொல்லிக் காப்பீட்டு நிறுவனமும் மறுத்துவிட்டது. இழப்பீடு பெற வழி உண்டா?

பதில்: உண்டு. அடைப்பு எந்த இடத்தில் இருந்தது, அந்த இடம் அடைபடும் என்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரியுமா ஆகிய இரண்டையும் பொறுத்தே உங்கள் வழக்கு நிற்கும்.

வீட்டையும் தெருக்குழாயையும் இணைக்கும் குழாயைப் பராமரிப்பது பல இடங்களில் வீட்டுக்காரரின் கடமை. ஆகவே, குழாய்க்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் பிளம்பரிடம், அடைப்பு இருந்த இடத்தையும் காரணத்தையும் குறிப்பிடும் அறிக்கையைத் தேதியுடன் எழுதி வாங்குங்கள். அடைப்பு பொதுக் குழாயில் இருந்தாலும், சாக்கடை பொங்கியது என்பது மட்டுமே அலட்சியத்தை நிரூபிக்காது; தெரிந்திருந்தும் சரிசெய்யவில்லை என்று காட்ட வேண்டும். அந்த வகையில் உங்கள் முதல் புகார் மிகுந்த மதிப்புடையது. அதன் பதிவு எண்ணையும், அந்தத் தெருவில் தூர்வாரிய பதிவேட்டின் நகலையும் தகவல் பெறும் சட்டம் இருந்தால் அதன் வழியே கேளுங்கள். அண்டை வீட்டாரும் புகார் செய்திருந்தால் அவர்களின் எழுத்துப்பூர்வமான கூற்றையும் பெறுங்கள்.

அலட்சியம் தவிர, தொல்லை (ஒருவர் தன் வீட்டை நிம்மதியாக அனுபவிக்க முடியாதபடி செய்யும் இடையூறு) என்ற அடிப்படையிலும் வழக்குத் தொடரலாம் என்றாலும் இரண்டு தடைகளை அறிந்திருப்பது நல்லது. இங்கிலாந்தில் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்துக்கு எதிராக, ஆண்டுக்கணக்கில் கழிவுநீரால் அவதிப்பட்ட ஒரு வீட்டுக்காரர் தொடுத்த வழக்கில், சட்டம் வகுத்த ஒழுங்குமுறை அமைப்பிடமே முறையிட வேண்டும் என்று கூறி, அன்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2003-இல் அவர் கோரிக்கையை ஏற்க மறுத்தது. கலிஃபோர்னியாவின் ஓரோவில் நகர வழக்கிலோ, கட்டட உரிமையாளர்கள் விதிப்படி பொருத்த வேண்டிய பின்னோட்டத் தடுப்பு வால்வை (கழிவுநீர் தெருக்குழாயிலிருந்து கட்டடத்துக்குள் திரும்பி வராமல் தடுப்பது) பொருத்தாததைச் சுட்டிக்காட்டி, மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல் நகர நிர்வாகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முதல் தீர்ப்பு எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. தன் வீட்டில் மலநீர் நிற்கும் ஒருவரை மற்றொரு அலுவலகத்துக்கு அனுப்புவது நியாயமாகப் படவில்லை. ஆனாலும், உங்கள் சட்டத்தில் அப்படியொரு முறையீட்டு அமைப்பு உண்டா, உங்கள் வீட்டுக்கு அந்த வால்வு கட்டாயமா என்பவற்றை வழக்குக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தாமதிக்க வேண்டாம். பொது நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடரும் முன் எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் அனுப்புவது பல சட்டங்களில் கட்டாயம்; அதற்கான கெடு வழக்கின் காலவரையறையைவிடக் குறைவாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் அசையும் பொருள்களின் சேதத்துக்கு 6 மாதங்களுக்குள் கோரிக்கை மனு கொடுத்தாக வேண்டும். இழப்பைக் கூடவிடாமல் தடுப்பதும் உங்கள் கடமை என்பதால் உடனே சுத்தம் செய்யுங்கள். ஆனால், அதற்கு முன் புகைப்படம் எடுத்துப் பொருள்களைப் பட்டியலிடுங்கள். நிர்வாகம் சிறு தொகை கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், 'முழுமையான, இறுதித் தீர்வு' என்ற சொற்கள் அதில் உள்ளனவா என்று பாருங்கள்; இருந்தால், மீதி இழப்பைப் பிறகு கேட்க முடியாமல் போகலாம்.

காப்பீட்டு மறுப்பை, விதியின் எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். சாக்கடைப் பின்னோட்டத்துக்குக் கூடுதல் பிரீமியம் செலுத்திப் பாதுகாப்பு பெறுவது பல பாலிசிகளில் உண்டு. அதை எடுத்திருந்தும் 'வெள்ளம்' என்று மறுத்திருந்தால், நீர் வாசல் வழியாக வரவில்லை, கழிப்பறை வழியாகவே ஏறியது என்பதை உறுதிசெய்யும் பிளம்பரின் அறிக்கை அந்த மறுப்பை அசைக்கக்கூடும்.

கேள்வி: அண்மையில் வாங்கிய வீட்டில் கழிவுநீர் பொங்குகிறது. முன்பே இப்படி நடந்ததை விற்றவர் மறைத்துவிட்டார். அவர்மீது வழக்குத் தொடரலாமா?

பதில்: நீங்கள் கேட்டபோது அவர் பொய் சொன்னாரா, அல்லது பேசாமல் இருந்தாரா என்பதே முக்கியம். பொய்யான பதிலுக்கும், கறையைப் பூசி மறைத்ததற்கும் இழப்பீடு கோரலாம். வெறும் மௌனத்துக்கு, குறைகளை வெளியிடும்படி சட்டம் விற்பவரைக் கட்டாயப்படுத்தியிருந்தால்தான் பெரும்பாலும் வழி உண்டு. முன்னர் அங்கே அடைப்பு எடுத்த பிளம்பரின் பழைய ரசீது கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள்.